இரண்டு கம்ப்யூட்டரை இணைக்கப் போய் 11,800 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

கடுப்பில்தான் எழுதுகிறேன். முழு விஷயமும் நேற்று ராத்திரிதான் புரிந்தது.

வீட்டில் கேபிள்காரர் கொடுத்த நெட் கனெக்‌ஷன் ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு. கீழே என் டெஸ்க்டாப், மாடியில் மகளின் லேப்டாப். பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கி அலுத்துப்போச்சு. இரண்டையும் இணைத்துவிடலாம் என்று பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். பேப்பரில் இரண்டு கட்டம் போட்டு நடுவில் ஒரு மேகம் வரைந்தார். "சார், உங்க ஃபைல் இது வழியாத்தான் போகணும். கேபிள் நெட்டுல ஸ்டேட்டிக் ஐபி இல்லாம ஒரு கம்ப்யூட்டர் இன்னொண்ணைப் பாக்கவே பாக்காது." ஸ்டேட்டிக் ஐபி என்றால் மாறாத இன்டர்நெட் முகவரியாம். அந்த மேகத்தில்தான் விழுந்தேன். படம் போட்டு விளக்குகிற ஆள் பொய் சொல்வாரா என்று ஒரு நினைப்பு. ஸ்டேட்டிக் ஐபி, பல கம்ப்யூட்டர் வயர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி, வயரிங், செட்டிங் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம். 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு 11,800. அங்கேயே யுபிஐயில் அனுப்பினேன். "பில் ஈவினிங் வாட்ஸப்ல வந்துடும் சார்" என்றார். இன்றுவரை வரவில்லை. அந்த ஜிஎஸ்டி எந்த அரசாங்கத்துக்குப் போனதோ.

மறுநாள் ஒரு பையன் வந்தான். ரவுட்டரை செல்போன்களுக்கு மட்டும் விட்டுவிட்டு, கேபிள்காரரின் வயரை நேராக ஐந்து போர்ட் ஸ்விட்சில் சொருகி, இரண்டு கம்ப்யூட்டரையும் அதிலேயே மாட்டினான். வெளியாள் கம்ப்யூட்டருக்குள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்தான். பாஸ்வேர்டு கேட்பதை எடுத்துவிட்டான். டி டிரைவ் முழுவதையும் 'எவ்ரிஒன்', அதாவது யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று ஷேர் போட்டான். மாடியில் என் ஃபோல்டர் திறந்தது. சந்தோஷத்தில் கையில் நூறு ரூபாய் வேறு கொடுத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து டி டிரைவில் புதிதாக ஒரு நோட்பேட் ஃபைல். "சார், உங்க டிரைவ் எங்க வீட்டுல தெரியுது. ஆதார், பான் கார்டு எல்லாம் கிடக்கு. மூடிடுங்க." யார் எழுதியது என்று தெரியாது. விண்டோஸில் நெட்வொர்க்கைத் திறந்து பார்த்தால் என்னவென்றே தெரியாத நான்கைந்து கம்ப்யூட்டர் பெயர்கள். அதே கேபிள்காரர் லைனில் இருக்கிற அக்கம்பக்கத்து வீடுகள்! நல்ல மனுஷன் கண்ணில் பட்டதால் தப்பித்தேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குள் ஃபைல் போவதற்கும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு கம்ப்யூட்டரையும் ரவுட்டருக்குப் பின்னால் மாட்டினால் போதும், கேபிள்காரர் வயரே அறுந்து கிடந்தாலும் ஃபைல் போகும். சாதாரண 100 எம்பிபிஎஸ் வயரிலேயே ஒரு ஜிபி ஒன்றரை நிமிஷம்தான். வீட்டுக்கு மதில் மாதிரி இருந்தது அந்த ரவுட்டர்தான். பையன் எங்களை மதிலுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறான். போதாததற்கு எஸ்எம்பி 1.0 என்ற, ஃபைல் ஷேர் செய்கிற பழைய விண்டோஸ் வசதியையும் ஆன் செய்திருக்கிறான். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான்.

கடைக்குப் போன் செய்தேன். "அது கேபிள்காரர் பிரச்சினை சார்." கேபிள்காரரைக் கேட்டால், "எங்க வேலை உங்க வாசல் வரைக்கும்தாண்ணே. ஸ்டேட்டிக் ஐபியா? உங்க பேர்ல யாரும் கேக்கவே இல்லையே" என்கிறார். ஆக, வாங்காத சாமானுக்கும் சேர்த்துத்தான் 11,800. மறுபடி கடைக்குப் போன் போட்டால் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். நேரிலேயே போனேன். "ஃபைல் போச்சா இல்லையா சார்? நீங்க கேட்டது அதுதானே?" இந்தத் தடவை டீ வரவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வெளியிலிருந்து வரும் வயர் முதலில் ரவுட்டருக்குத்தான் போக வேண்டும். ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும், பாஸ்வேர்டு போட்டு ஷேர் செய்யுங்கள். ஃபயர்வாலை அணைக்க யாரையும் விடாதீர்கள். பில் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன். கையில் இருப்பது அந்த யுபிஐ ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். 11,800.