நாணய விலைக் கையேடுகள்: அதில் இருப்பது யாருடைய விலை?

ஒரே நாணயத்துக்கு நான்கு இடங்களில் நான்கு விலை போட்டிருந்தால், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர் அவற்றில் ஒன்றுதான் சரி என்று முடிவு கட்டிவிடுகிறார். பெரும்பாலும் தமக்குச் சாதகமானதே அவருக்குச் சரியாகப் படுகிறது. உண்மையில் நான்குமே சரியாக இருக்கலாம். வியாபாரி வாங்கும் விலை, வியாபாரி விற்கும் விலை, ஏலத்தில் போன விலை, விற்பவர் ஆசைப்படும் விலை எல்லாம் வெவ்வேறு தொகைகள். ஒரு கையேடு இவற்றில் எதைச் சொல்கிறது என்பது அதன் முன்னுரையில் இருக்கும். முன்னுரையைத்தான் யாரும் படிப்பதில்லை.

இந்த வேறுபாட்டை ஒரே பதிப்பகம் இரண்டு புத்தகங்களாகப் பிரித்துக் காட்டியது. அமெரிக்க நாணயங்களுக்கு விட்மன் நிறுவனம் வெளியிட்ட ‘நீலப் புத்தகம்’ 1942-இல் வந்தது. வியாபாரிகள் சராசரியாக என்ன கொடுத்து வாங்குவார்கள் என்பது அதில் இருக்கும். ‘சிவப்புப் புத்தகம்’ 1946-இல் வந்தது. அதில் இருப்பது சில்லறை விற்பனை விலை. தாத்தா விட்டுச்சென்ற நாணயங்களை விற்கப் போகிறவர் சிவப்பைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, நீலத்தின் விலையைக் கேட்டதும் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார். வியாபாரி நாணயமானவராகவே இருக்கலாம். இவர் திறந்த புத்தகம்தான் தவறு.

அச்சிட்ட கையேட்டுக்கு இன்னும் சில குறைகள் உண்டு. விலைகள் தொகுக்கப்படுவது புத்தகம் கைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பு. அட்டையில் போடுவதோ அடுத்த ஆண்டின் எண். வெள்ளி, தங்கத்தின் உலோக மதிப்பை ஒட்டியே விலைபோகும் சாதாரண நாணயங்களுக்கு அந்தப் பக்கங்கள் அச்சாகும்போதே பழசாகிவிடுகின்றன. அடிமட்ட விலைகளையும் நம்ப வேண்டாம். மிகச் சாதாரண நாணயத்துக்கும் ஒரு சிறு தொகை போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் அதை எடுத்து, உறையிட்டு, விற்கும் வியாபாரியின் உழைப்புக்கான கூலி. அப்படிப்பட்ட நூறு நாணயங்களை வைத்துக்கொண்டு அந்தத் தொகையை நூறால் பெருக்குவது வீண் வேலை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இவற்றை ஒதுக்கிவிடவும் முடியாது. எந்த ஆண்டில் எந்த நாணயச்சாலை எத்தனை அடித்தது, எந்த வகைக்கு என்ன அடையாளம் என்பதற்கு அச்சுக் கையேட்டை மிஞ்ச ஆளில்லை. 1972-இல் தொடங்கிய கிராஸ் உலக நாணயப் பட்டியலின் ‘கேஎம்’ எண்களைத்தான் இன்றும் உலகெங்கும் வியாபாரிகள் நாணயத்தைக் குறிப்பிடப் பயன்படுத்துகிறார்கள். என் அலமாரியில் பழைய பதிப்புகள் இருப்பது இதற்காகத்தான், விலைக்காக அல்ல.

அடித்த எண்ணிக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் 1903-ஆம் ஆண்டு அடித்த மார்கன் வெள்ளி டாலர் 44 லட்சத்து 50 ஆயிரம். அப்படியும் புழக்கத்துக்கு வராத நிலையில் அது கிடைப்பதே அரிதாக இருந்தது. 1918-ஆம் ஆண்டின் பிட்மன் சட்டப்படி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியபோது இதுவும் போய்விட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள். 1962 வாக்கில் சிவப்புப் புத்தகம் அதற்கு 1,500 டாலர் போட்டிருந்தது. 1962-இன் கடைசியில் அரசுக் கருவூலம் பல பத்தாண்டுகளாக முத்திரையிட்டு வைத்திருந்த மூட்டைகளைப் பிரித்தது. உள்ளே அதே நாணயம் குவியலாக இருந்தது. விலை சில பத்து டாலர்களுக்கு இறங்கிவிட்டது. கையேட்டைத் தொகுத்தவர்கள் தவறு செய்யவில்லை. அன்று சந்தைக்குத் தெரிந்ததை எழுதினார்கள். கையேட்டுக்கு அதற்கு மேல் தெரியாது.

மொத்த வியாபாரப் பட்டியல் வேறு ரகம். ‘கிரேஷீட்’ என்று எல்லோரும் சொல்லும் பட்டியல் 1963 முதல் வருகிறது. வியாபாரிக்கும் வியாபாரிக்கும் இடையே கைமாறும் விலை அதில் இருக்கும். விற்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி. வாங்குகிறவருக்கும் பயன் உண்டு: கேட்கும் விலைக்கும் மொத்த விலைக்கும் இடைவெளி எவ்வளவு என்று தெரிந்தால் பேரம் பேசும் தொனியே மாறிவிடும். ஆனால் அந்த விலைக்கே எனக்கும் கொடு என்று கேட்பது நியாயமல்ல; வியாபாரியும் வாடகை கட்ட வேண்டும்.

நாணயத்தின் நிலையைப் பார்த்துத் தரம் போட்டு உறையில் மூடித் தரும் தரச்சான்று நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் இணையத்தில் இலவசமாக விலைப்பட்டியல் தருகின்றன. ஒவ்வொரு தரப் புள்ளிக்கும் தனி விலை இருப்பதுதான் இவற்றின் பலம். வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்த 70 புள்ளி அளவுகோலின் வழிவந்தவை இந்தத் தரங்கள். ‘எம்எஸ்’ என்றால் புழக்கத்துக்கு வராத நாணயம். பட்டியலில் எம்எஸ்-63, எம்எஸ்-65 என்ற இரு கட்டங்களுக்கும் இடைவெளி இரண்டே புள்ளிதான்; சில நாணயங்களுக்கு விலை பல மடங்கு தாவியிருக்கும். வெறுங்கண்ணுக்கு அந்த வேறுபாடு நாணயத்தில் உள்ள முகத்தின் கன்னத்தில் ஒரு சிறு கீறலாக இருக்கலாம். அதனால் உறையிடாத நாணயத்தை வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் தாமாகவே இரண்டு புள்ளி ஏற்றிக்கொள்கிறார்கள். தவிர, இவை அந்தந்த நிறுவனம் சான்றளித்து மூடிய நாணயத்துக்கான சில்லறை விலைகள். பளபளவென்று தேய்த்துக் கழுவிய நாணயத்துக்கு, துளையிட்டு அடைத்ததற்கு, எந்தக் கையேட்டிலும் கட்டம் கிடையாது. எல்லாப் பட்டியலும் குறையற்ற நாணயத்தைத்தான் மனத்தில் வைத்திருக்கின்றன.

நாணயப் பட்டியல் இணையதளமான நுமிஸ்டாவை ஒரு வரியில் முடித்துவிடலாம்: அடையாளம் காண அருமையான இடம், அங்குள்ள அரிதுக் குறியீடு உறுப்பினர்களிடம் எத்தனை இருக்கிறது என்பதை ஒட்டியது, அதை விலை என்று படிக்காதீர்கள்.

வாங்குவதற்கு நான் நம்புவது ஏலப் பதிவுகளைத்தான். ஹெரிட்டேஜ் போன்ற பெரிய ஏல நிறுவனங்களின் பழைய பதிவுகளில் படம், தரம், தேதி, போன தொகை எல்லாம் இருக்கின்றன. மதிப்பீடு அல்ல, ஒருவர் தம் கையிலிருந்து கொடுத்த பணம். ஆனால் அதையும் பிரித்துப் படிக்க வேண்டும். சுத்தியல் தட்டியபோது நாணயம் 1,000-க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரிடம் 20 சதவீதக் கட்டணம் சேர்த்தால் அவர் கொடுப்பது 1,200. விற்றவரிடம் 10 சதவீதம் பிடித்தால் அவருக்குக் கிடைப்பது 900. பதிவில் 1,200 என்று போட்டிருக்கும் இடமும் உண்டு, 1,000 என்று போட்டிருக்கும் இடமும் உண்டு. எது என்று பார்க்காமல் இரண்டு நிறுவனங்களின் பதிவை ஒப்பிட்டால் இல்லாத லாபம் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே ஒரு ஏலத்தை வைத்து முடிவு செய்வதும் ஆகாது. வீம்புக்காரர் இருவர் மோதிக்கொண்டால் விலை வானத்துக்குப் போகும். ஒருவர் அன்று வராவிட்டால் தரைக்கு வரும். அதே தரத்தில் கடைசியாக நடந்த ஐந்தாறு விற்பனைகளை வரிசையாக வைத்து, உச்சத்தையும் அடியையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் நிற்பதைப் பாருங்கள். படங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே எம்எஸ்-64-இல் ஒன்று கூடுதலாகப் போனதற்கான காரணம் அதன் நிறத்தில் இருக்கலாம்.

ஈபேயில் விற்பனைக்கு நிற்கும் விலைகள் விலையே அல்ல, விருப்பம். ‘விற்றவை’ என்று வடிகட்டினால் உண்மை வரும், அதுவும் அரைகுறையாக: பேரம் பேசிக் குறைத்து வாங்கியிருந்தால், காட்டுவது பெரும்பாலும் முதலில் கேட்ட தொகைதான்.

எல்லாம் சரி, பத்து ஆண்டுகளாக ஏலத்துக்கே வராத நாணயம் என்றால்? அங்கேதான் பழைய அச்சுப் புத்தகத்தை மறுபடி எடுக்கிறேன். தொகைகள் பழசானாலும், ஒரு வரிசையில் அடுத்தடுத்த ஆண்டு நாணயங்களுக்கு இடையே இருந்த விகிதம் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. பட்டியலில் இது பக்கத்து ஆண்டு நாணயத்தைப் போல மூன்று மடங்கு என்றிருந்தால், பக்கத்து ஆண்டு நாணயம் சமீபத்தில் ஏலத்தில் போன விலையை மூன்றால் பெருக்கிக்கொள்ளலாம். கிடைப்பது தோராயம்தான். விற்பவரிடமும் அதைவிட நல்ல ஆதாரம் இருக்காது.