18 மாதத்தில் முடித்த நியூ வேகாஸ்

ஃபால்அவுட்: நியூ வேகாஸ் தள்ளுபடியில் கிடைக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். 2010இல் வந்த வீடியோ கேம்; ஒரு பாத்திரமாக மாறி நாமே முடிவெடுத்து விளையாடும் ஆர்பிஜி வகை. கதை, ஆயுதம், மேப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பல வருடமாக விளையாடி வரும் எனக்குப் பேசத் தோன்றுவது அதன் பக், அதாவது நிரல் பிழைகள் பற்றித்தான்.

முதலில் ஆட்டத்தில் வரும் நோவாக் என்ற ஊரைச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பெரிய டைனோசர் சிலை. அதன் வாய்க்குள் நின்று இரவுக் காவல் பார்ப்பவன் பூன். அவன் மனைவியை ஊரில் யாரோ அடிமை வியாபாரிகளிடம் விற்றுவிட்டார்கள். அது யார் என்று கண்டுபிடித்து, சிலைக்கு முன்னால் கூட்டிவந்து, பூன் கொடுத்த சிவப்புத் தொப்பியை நாம் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டியதும் மேலிருந்து குண்டு பாயும். ஆதாரம் விடுதி வரவேற்பறையின் தரைப் பெட்டகத்தில் இருக்கிறது. ஆனால் அதைத் தேடியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு பாவமும் அறியாதவரைக் கூட்டிப்போய் நிறுத்தினாலும் பூன் நம்மை நம்பிச் சுடுவான். அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் கை கூசும்.

பக் கிளம்புவதும் இந்தச் சுதந்திரத்தில்தான். ஆமா, இல்லை என்று பத்து முடிவுகள் இருந்தாலே 1024 நிலைமைகள் ஆகிவிடும்; அத்தனையையும் யாராவது விளையாடிப் பார்க்க வேண்டும். இதில் கிட்டத்தட்ட யாரை வேண்டுமானாலும் கொல்லலாம். கதை முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகவே, அழித்தாலும் வேறு உடலில் திரும்பி வரும் யெஸ் மேன் என்ற ரோபோவை வைத்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஆட்டத்தை உருவாக்கிய அப்சிடியன் குழுவுக்குக் கிடைத்தது சுமார் 18 மாதம். எஞ்சின், அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை நிரல், இதே வரிசையின் முந்தைய ஆட்டமான ஃபால்அவுட் 3இலிருந்து வந்தது. நேரம் மிச்சமானது, பழைய கோளாறுகளும் கூடவே வந்தன. வெளியான சமயத்தில், ஆட்டத்தின் தொடக்கத்தில் வரும் மருத்துவரின் தலை கழுத்தின் மேல் சுழலும் வீடியோதான் எங்கும் ஓடியது. பிளேஸ்டேஷன் 3இல் சேவ் கோப்பு பெருகப் பெருக ஆட்டமே திணறியது.

என்னைக் கோபப்படுத்துவது பண விஷயம். ராயல்டி கிடையாது, மொத்தமாக ஒரு தொகை, விமர்சன மதிப்பெண்களின் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்பதுதான் ஏற்பாடு என்று அப்சிடியனின் கிறிஸ் அவெலோன் 2012இல் ட்விட்டரில் சொன்னார். வந்தது 84. பக்குக்காக மதிப்பெண் குறைத்த விமர்சனங்கள் எத்தனையோ. மொத்தத் தொகை ஒப்பந்தத்தில் கூடுதலாகச் சோதிக்கும் ஒவ்வொரு மாதச் சம்பளமும் செய்பவன் கையிலிருந்துதான் போகும். அவர்கள் எழுதிய வசனத்தில் சோம்பலின் தடயமே இல்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுபவர்களோடு எனக்குச் சமாதானம் கிடையாது.

சரி, வாங்கலாமா? எனக்குத் தெரிந்து இதை மிஞ்சிய ஆர்பிஜி இல்லை. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கணினிப் பதிப்பு 32 பிட் நிரல். 2 ஜிபிக்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்த ரசிகர்கள் எழுதிய 4 ஜிபி பேட்ச் என்ற ஒட்டு நிரல், அப்புறம் அவர்களே செய்த இன்னும் சில திருத்தங்கள் தேவை. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் விளையாட நினைப்பவர் அந்தப் பாடு பட வேண்டாம். பேட்ச் போடத் தயங்காதவர்கள் தள்ளுபடிக்குக் காத்திருக்காமல் கூடுதல் கதைப் பகுதிகளும் சேர்ந்த அல்டிமேட் எடிஷனை வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்கை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.