ஸ்ட்ராப் லாக் வாங்கும் முன் அந்த நட்டைப் பாருங்கள்

"பேஸ் கிட்டாருக்கு எந்த ஸ்ட்ராப் லாக் போடலாம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். தோள் வாரைக் கிட்டாரின் பட்டனிலிருந்து நழுவாமல் பிடித்து வைக்கும் பூட்டுதான் ஸ்ட்ராப் லாக். அவருக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. சாதா பட்டனிலிருந்து வார் எப்படி நழுவும், நான்கு நான்கரைக் கிலோ பேஸ் தரையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் வாசிக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் புகார் ஒரே ஒரு நட்டின் மேல்.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று ஷாலர் கம்பெனியின் பாணி. வாரில் லாட வடிவத்தில் ஓர் உலோகத் துண்டு இருக்கும். அது பட்டனின் கழுத்தைத் தாங்கிக்கொள்ளும், ஸ்பிரிங் வைத்த ஊசி ஒன்று பட்டனின் குழிக்குள் இறங்கிப் பூட்டும். ஃபெண்டர் பெயரில் வருவதும், பெயரே இல்லாமல் வரும் மலிவு நகல்களும் இந்தப் பாணிதான். இன்னொன்று டன்லப் ஸ்ட்ராப்லாக் பாணி. நடுப் பொத்தானை அழுத்தினால் தண்டிலுள்ள சின்னக் குண்டுகள் உள்வாங்கும், விட்டால் வெளியே பிதுங்கிப் பட்டனுக்குள் பிடித்துக்கொள்ளும்.

லாட வகையின் பெரிய பலம் ஊசி இல்லை, லாடம்தான். திறந்த வாய் தோளைப் பார்க்க, மூடிய அடி கீழே இருக்கும்படி மாட்டினால், பேஸின் எடை பட்டனை லாடத்தின் அடியிலேயே உட்கார வைக்கிறது. ஊசி சரியாக இறங்காவிட்டாலும் நேராக நின்று வாசிக்கும்வரை பேஸ் தொங்கிக்கொண்டிருக்கும். ஊசி இரண்டாவது காவல்தான். லாடத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டால் முழு எடையும் அந்த ஒற்றை ஊசியில். அப்படி மாட்டியவற்றை மேடைகளில் பார்க்கலாம், பார்க்கும்போதே வயிற்றைக் கலக்கும்.

இத்தனை யோசித்துச் செய்த பொருளை வாரோடு பிடித்து வைத்திருப்பது என்ன? லாடத்திலிருந்து வாரின் துளை வழியே வரும் புரி போட்ட தண்டில் ஒரு மெல்லிய நட், ஒரு பல் வாஷர். அவ்வளவுதான்!

அது ஏன் கழல்கிறது என்றால் குற்றம் நட்டில் மட்டும் இல்லை. நட் இறுகி நிற்பது அது அழுத்தும் பொருள் எதிர்த்துத் தள்ளுவதால். இங்கே அந்தப் பொருள் தோல். இறுக்கிய அன்று கல் மாதிரி இருக்கும், சில நாளில் தோல் அமுங்கிவிடும், நட்டுக்கடியில் பிடிப்பு போய்விடும். அதன்பின் பேஸின் கழுத்தைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் மேல் கொம்பில் (பாடியின் மேல்பக்க நீட்டலில்) உள்ள லாடம் பட்டனைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பும், தண்டும் கூடவே திரும்பும், நட் கால் சுற்று, அரைச் சுற்று என்று பின்வாங்கும். அதனால் முதலில் தளர்வது பெரும்பாலும் கொம்புப் பக்கம்தான், அடிப்பக்கம் பிறகு. நட் போனால் லாடம் பத்திரமாகப் பட்டனிலேயே இருக்கும், வார் மட்டும் கையோடு வரும். பூட்டு உடையவில்லை என்று அப்போது யாரும் சந்தோஷப்படப் போவதில்லை.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து நீல த்ரெட்லாக்கர், அதாவது நட் கழலாமல் இருக்கப் புரியில் விடும் பசை. சரியான மருந்துதான், ஆனால் போடும் வரிசை முக்கியம். முதலில் நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள் (பிளையர் வேண்டாம், முனைகள் மழுங்கிவிடும்). இரண்டு மூன்று நாள் பேஸை மாட்டி வாசியுங்கள், தோல் அமுங்கட்டும். பிறகு மறுபடி இறுக்கிப் பார்த்தால் நட் இன்னும் கொஞ்சம் போகும். இப்போதுதான் கழற்றி, புரியில் உள்ள எண்ணெயைத் துடைத்து, ஒரே ஒரு சொட்டு விட்டு இறுக்க வேண்டும். 24 மணி நேரம் தொடாதீர்கள், முலாம் பூசிய உலோகத்தில் அது மெதுவாகத்தான் இறுகும். முதல் நாளே விட்டால் நட் சுற்றாது, சரி, ஆனால் தோல் அமுங்கிய பின் எல்லாம் சேர்ந்து லொடலொடவென்று ஆடும். சிவப்பு த்ரெட்லாக்கர் வேண்டாம், பின்னால் வாரை மாற்ற நினைத்தால் சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும். இந்த வேலையை லாடத்தைப் பேஸிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்தத் திரவம் சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விடும், பாடியின் பாலிஷ் மேலும் படக்கூடாது.

வேலை முடிந்ததும் நட்டின் மேலிருந்து வாஷர் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் நட் நகர்ந்திருக்கிறது. மேடை ஏறுமுன் குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்.

வாரின் தடிமனும் கவனிக்க வேண்டியது. நட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு புரியாவது தெரிய வேண்டும். தடித்த இரட்டைத் தோல் வாரில் நட் பாதிப் புரியைத்தான் பிடிக்கும். துளையைச் சுற்றி உட்பக்கத் தோலைக் கூரான கத்தியால் கொஞ்சம் சீவிக் குறைத்தால் சரியாகும்.

ஷாலரே பிறகு கொண்டுவந்த எஸ்-லாக்கில் இந்த நட் இல்லை. அதற்குப் பதில் கையால் திருகும் சக்கரம், அதன் பக்கவாட்டில் சின்ன ஆலன் ஸ்குரூ (அறுகோணச் சாவியால் திருகுவது). அது தண்டோடு அழுத்திச் சக்கரத்தைச் சுற்ற விடாது. புதிதாக வாங்குகிறவர்கள் பழைய வகையின் பக்கமே போக வேண்டாம்.

பாடிப் பக்க ஸ்குரூவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புது பட்டனோடு வரும் ஸ்குரூ பழைய ஓட்டைக்கு மெலிதாக இருந்தால், உடனே பழைய தடித்த ஸ்குரூவைப் போடத் தோன்றும். அதன் தலை பட்டனின் குழிக்குள் முழுதாக இறங்காது. குண்டு வகையில் இது ஆபத்து: குண்டுகள் பிடிக்கும் இடம்வரை தண்டு போகாது, மேலோட்டமாக உட்கார்ந்து பூட்டிய மாதிரியே காட்டும். ஓட்டையை அடைப்பதுதான் வழி. மூங்கில் பல்குச்சிகளைப் பெவிகாலில் தோய்த்து இறுக்கமாக நுழைத்து, மறுநாள் காய்ந்ததும் மட்டமாக வெட்டி, 3.5 மில்லிமீட்டர் ஸ்குரூ என்றால் 2.5 மில்லிமீட்டர் பிட்டால் துளை போடுங்கள். ஸ்குரூவில் மெழுகு தடவிக் கையால் திருகுங்கள். ஓட்டை ரொம்பவே கிழிந்திருந்தால் பல்குச்சி நிற்காது, கெட்டி மரத்தில் செய்த உருண்டை முளையை (dowel) அடித்து ஒட்ட வேண்டும்.

குண்டு வகையில் நட் தொல்லை கிடையாது. வாரின் பின்னால் ஒரு கிளிப் தண்டின் பள்ளத்தில் 'டிக்' என்று விழும். வார் தடித்தால் கிளிப் பள்ளத்துக்குள் விழாமல் விளிம்பில் நிற்கும், நகத்தால் நெம்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். வியர்வையும் தூசியும் சேர்ந்தால் பொத்தான் சிக்கும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். மாட்டியதும் பொத்தான் முழுதாக வெளியே வந்ததா என்று பார்த்து, ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். ஏனென்றால் இதில் தாங்க லாடம் கிடையாது. குண்டு பிடிக்கவில்லை என்றால் வேறு எதுவும் பிடிக்காது.

இரண்டிலும் உலோகம் உலோகத்தில் உரசும் கிரீச் சத்தம் வரும். பட்டனுக்கும் பாடிக்கும் நடுவே ஃபெல்ட் வாஷர், உரசும் இடத்தில் துளி வாசலின். அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

இவ்வளவு லாடப் புராணம் பாடிவிட்டு நண்பருக்கு எதைச் சொல்கிறேன் என்றால், இரண்டு ரப்பர் வளையம். ஸ்விங்-டாப் (கம்பியால் இழுத்து மூடும்) பீர் பாட்டில் மூடியில் வரும் சிவப்பு வளையத்தைப் பல காலமாக இதற்குப் போடுகிறார்கள், அதே யோசனையை ஃபெண்டர் ஸ்ட்ராப் பிளாக் என்று விற்கிறது. வாரை மாட்டி, அதன் மேல் வளையத்தை இழுத்துப் பட்டன் தலையைத் தாண்டவிட்டால் முடிந்தது. கழலும் நட் இல்லை, சத்தம் இல்லை, பாடியில் துளை போடும் வேலை இல்லை. ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டால் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டலாம். ஒரே பேஸ், ஒரே வார் வைத்திருப்பவருக்கு இது போதும்.

என் பேஸில் லாடம்தான் இருக்கிறது, கழற்றவும் போவதில்லை. பேஸை மாற்றி மாற்றி எடுக்கும்போது ஒரே நொடியில் வாரைப் பிரிக்கும் வசதிக்குப் பழகிய கை ரப்பரோடு மல்லுக்கட்டாது. பெட்டியில் உபரி நட் ஒன்றும் வாஷர் ஒன்றும் கிடக்கின்றன. பூட்டு என்று விற்கும் ஒரு சாமானுக்கு உபரி நட் எதற்கு என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.