பாடசாலை உளவியலாளர் சங்க அங்கத்துவம்: வன்னியில் இருந்துகொண்டு எதற்குக் காசு கட்டலாம்?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பாடசாலைகளில் பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிக்கிறவர்களில் பெரும்பாலானோரின் நியமனக் கடிதத்தில் ‘பாடசாலை உளவியலாளர்’ என்ற பதவி இருக்காது. ஒருவர் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியராக இருப்பார், இன்னொருவர் உளவளத்துணை டிப்ளோமா முடித்தவராக இருப்பார், வேறொருவர் உளவியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமூகக்கல்வி படிப்பித்துக்கொண்டிருப்பார். சங்கங்களோ தகைமையையும் செய்யும் வேலையையும் பார்த்துத்தான் அங்கத்துவப் பிரிவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே எது பெரிய சங்கம் என்று பார்த்துச் சேர்வதில் பயன் இல்லை. கட்டும் சந்தா அடுத்த தவணைக்குள் உங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளைக்காவது உதவுமா என்பதை வைத்தே இங்கே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் எல்லோரும் கேட்பது அமெரிக்காவின் தேசியப் பாடசாலை உளவியலாளர் சங்கம், சுருக்கமாக நாஸ்ப். 1969இல் தொடங்கியது. இந்தத் துறையில் இதைவிட அதிகமாகப் பாவனைக்குரிய எழுத்தை வெளியிடும் சங்கம் இல்லை. ‘ஸ்கூல் சைக்கோலஜி ரிவியூ’ என்ற ஆய்விதழும் ‘கம்யூனிக்கே’ என்ற செய்தி இதழும் அங்கத்தவர்களுக்குக் கிடைக்கின்றன. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள்: 2020இல் இந்தச் சங்கம் திருத்தி வெளியிட்ட தொழில் நியமங்களை இறக்கி வாசியுங்கள். அதற்கு அங்கத்துவம் தேவையில்லை. பாடசாலை உளவியல் சேவையைப் பத்துத் துறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஒழுக்கக் கோவையும் அதோடு சேர்ந்தே வருகிறது. 500 மாணவருக்கு ஒரு பாடசாலை உளவியலாளர் என்ற விகிதத்தையும் இந்தச் சங்கம் பரிந்துரைக்கிறது. முழு நேரசூசியும் தலையில் இருக்க, மிச்ச நேரத்தில் ஆலோசனை வழங்கச் சொல்லப்படும் ஆசிரியர் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும்போது இந்த எண்ணை மேற்கோள் காட்டலாம். வாரத்துக்கு நான்கு பாடவேளையையாவது ஆலோசனைக்கென்று ஒதுக்கித் தரும்படி கேட்பதற்கு அது நல்ல ஆதாரம்.

அதே சங்கம் வழங்கும் ‘தேசியச் சான்றுபெற்ற பாடசாலை உளவியலாளர்’ தகைமையைப் பலர் அங்கத்துவத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. அங்கத்துவம் என்பது சந்தா. சான்றுக்கோ நிபுணத்துவ நிலைப் பட்டப்பின் படிப்பு வேண்டும், அதற்குள் 1,200 மணித்தியாலப் பயிலுநர் பயிற்சி வேண்டும், அதில் குறைந்தது 600 மணித்தியாலம் பாடசாலையில் நடந்திருக்க வேண்டும், பிறகு பரீட்சையும் உண்டு. கிடைத்த சான்றைக் காப்பாற்ற மூன்று வருடத்துக்கு ஒரு தடவை 75 மணித்தியாலத் தொழில் விருத்தியைக் காட்ட வேண்டும். இங்கே பாடசாலையில் வேலை செய்ய இந்தச் சான்றை யாரும் கேட்பதில்லை. புலம்பெயரும் எண்ணம் இல்லாதவர் இதற்காகச் செலவழிப்பது வீண்.

நாஸ்பின் உண்மையான பெறுமதி நெருக்கடிப் பயிற்சியில் இருக்கிறது. ‘பிரிப்பேர்’ என்ற அந்தப் பாடத்திட்டத்தில் இரண்டு பட்டறைகள். ஒரு நாள் நடக்கும் முதலாவது, பாடசாலைப் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றியது. இரண்டு நாள் நடக்கும் மற்றது, நெருக்கடிக்குப் பின் பிள்ளைகளுக்கு எப்படி உளத்துணை கொடுப்பது என்பதைப் பற்றியது. 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறந்த வெள்ளத்தையும், அதன்பின் முகாம்களாக மாறிய வகுப்பறைகளையும் கண்ட மாவட்டங்களுக்கு இரண்டாவது பட்டறை நேரடியாகப் பொருந்தும். யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று முதலில் தரம் பிரித்து, எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்திக் ‘கதையுங்கோ’ என்று சொல்லாமல், தேவைப்பட்டவருக்குத் தேவைப்பட்ட அளவு என்று போகும் முறை அது. முதற்பட்டறையில் துப்பாக்கிதாரி பற்றிய பகுதி இங்கே பெரிதாகப் பயன்படாது. வெடிக்காத வெடிபொருள், பாம்புக்கடி, வெள்ளம் என்று அந்த இடத்தை நீங்களே நிரப்ப வேண்டும்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் இணையவழிக் கருத்தரங்கு இங்கே கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. அடுத்த நாள் காலை 7.30க்குப் பாடசாலை. நேரலையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பதிவு செய்யப்பட்டு, விரும்பிய நேரத்தில் பார்த்துச் சான்றிதழ் பெறக்கூடிய வகுப்புகளை மட்டும் எடுங்கள். ஒரு மணித்தியாலக் காணொளிக்குக் கிட்டத்தட்ட ஒரு ஜிபி டேட்டா போகும். துணுக்காய், நெடுங்கேணிப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில் பதிவைத் தரம் குறைத்துப் பார்ப்பதே வழி.

அடுத்தது சர்வதேசப் பாடசாலை உளவியல் சங்கம், இஸ்பா. எங்களைப் போன்ற நாட்டவருக்கு நாஸ்பைவிட இது பொருத்தம். ஒரு நாட்டின் சட்டத்தை மையமாக வைத்து எழுதாமல், பாடசாலை உளவியல் என்ற பதவியே இல்லாத நாடுகளில் சேவையை எப்படிக் கட்டியெழுப்புவது என்று இங்கே பேசுகிறார்கள். 2013இலிருந்து வரும் இதன் ஆய்விதழில் பல நாடுகளின் அனுபவங்களை வாசிக்கலாம். ஆண்டு மாநாடு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நாட்டில்: 2018 டோக்கியோ, 2019 பாசல். நேரில் போவதானால் பதிவுக் கட்டணத்தைவிட விசா, விமானம், தங்குமிடம் மூன்றும் சேர்ந்து பல மடங்கு வரும். ஆகவே கட்டுரைச் சுருக்கம் ஏற்கப்பட்டு, உதவித்தொகையும் எழுத்தில் உறுதியான பிறகே விசா வேலையைத் தொடங்குங்கள். மாநாட்டு அழைப்புக் கடிதம் விசாவுக்கு உத்தரவாதம் அல்ல. சந்தா கட்டும்போது உங்கள் நாட்டுக்கும் மாணவருக்கும் குறைந்த கட்டணப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள். சாதாரணப் பிரிவில் கட்டிவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கேட்பது நடக்கிற காரியம் இல்லை.

புதுச்சேரியைத் தளமாகக் கொண்ட இந்தியப் பாடசாலை உளவியல் சங்கத்தை இங்கே பலர் கணக்கில் எடுப்பதில்லை. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, மாநாட்டின் இடைவேளையில் தமிழிலேயே கதைக்கலாம், ஒரே மாதிரியான வகுப்பறை நெரிசலும் பரீட்சைப் பயமும் தெரிந்த ஆட்கள். ஆனால் சுற்றுலா விசாவில் மாநாட்டுக்குப் போகாதீர்கள். இந்தியாவில் மாநாட்டுக்கென்று தனி விசா வகை உண்டு, அதற்கு ஏற்பாட்டாளரின் கடிதம் வேண்டும்.

உள்நாட்டில், உளவியல் பட்டம் இருப்பவர் இலங்கை உளவியல் சங்கத்தையும், உளவளத்துணை டிப்ளோமா இருப்பவர் உளவளத்துணையாளர்களுக்கான சங்கத்தையும் முதலில் பார்ப்பது நல்லது. வெளிநாட்டுச் சங்கத்தில் சேர்ந்த பிறகும் இதை விடாதீர்கள். நெறிமுறைக் கேள்வி ஒன்று எழும்போது, இந்த நாட்டுச் சட்டம் தெரிந்த மூத்தவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடிக்க முடிவது இதனால்தான். குறையும் உண்டு: நிகழ்வுகள் பெரும்பாலும் கொழும்பில், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும். கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் ஏறினால்தான் காலைக் கூட்டத்துக்குப் போய்ச் சேரலாம். இணையவழிப் பங்கேற்பு வருடத்தில் எத்தனை தடவை, தமிழில் ஏதாவது உண்டா என்று சேருமுன் கேட்பது உங்கள் உரிமை. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற நிறுவனங்கள் தமிழில் சீர்மிய, அதாவது உளவளத்துணை, பயிற்சி நடத்தி வந்திருக்கின்றன. வன்னியில் வேலை செய்பவருக்கு அது பல வேளைகளில் கொழும்புப் பட்டறையைவிடக் கைகொடுக்கும்.

இந்தச் சங்கங்களில் எதுவும் தராத ஒன்று மேற்பார்வை. உங்கள் வேலையை ஒருவர் ஒழுங்காகப் பார்த்து, இப்படிச் செய்திருக்கலாம் என்று சொல்வது. பாடசாலை உளவியல் வேலையில் ஒருவரை வளர்ப்பது அதுதான், ஆய்விதழ் அல்ல. ஒரே வலயத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து மாதம் ஒரு தடவை கூடினால் போதும். ஒருவருக்கு 20 நிமிடம், ஒரு பக்கம், ஒரேயொரு கேள்வி. அந்தப் பக்கத்தில் வயது வீச்சு, தரம் எந்தக் கட்டத்தில், யார் அனுப்பினார்கள், என்ன நடத்தை எத்தனை நாளாக, இதுவரை என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது, இப்போது எது புரியவில்லை என்பவை மட்டும். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. ‘தாய் குவைத்தில், தகப்பன் கொக்கிளாயில் கடற்றொழில், அம்மம்மாவோடு மாங்குளத்தில் இருக்கிறான்’ என்று எழுதினால் பிள்ளையைக் கண்டுபிடிக்கப் பெயரே தேவையில்லை. ‘தாய் வெளிநாட்டில், மூத்த உறவினருடன் வளர்கிறான்’ என்பதோடு நிறுத்துங்கள். தாளைக் கூட்டம் முடிந்ததும் கிழித்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போடாதீர்கள். தற்கொலை எண்ணமோ துஷ்பிரயோகமோ தெரிந்தால் மாதக் கூட்டத்துக்குக் காத்திருக்கக் கூடாது: அதே நாளில் அதிபருக்கும் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கும் போக வேண்டும். சிறுவர் பாதுகாப்புக்கு 1929, மனநல உதவிக்கு 1926.

இந்தக் கூட்டத்துக்குள் சங்க அங்கத்துவத்தைக் கொண்டுவந்தால்தான் சந்தா பெறுமதியாகும். குழுவில் ஒருவர் இஸ்பா, ஒருவர் நாஸ்ப், ஒருவர் இலங்கைச் சங்கம் என்று சேர்ந்து, மாதம் ஒரு கட்டுரையை வாசித்துத் தமிழில் சொல்லட்டும். கடவுச்சொல்லைப் பகிர்வதும் பிடிஎஃபைக் குழுவில் ஏற்றுவதும் அங்கத்துவ விதிகளுக்கு மாறு. வாசித்ததைத் தன் சொல்லில் எழுதிப் பகிர்வதில் தடையில்லை.

உளவியல் சோதனைக் கருவிகள் பற்றிய ஒரு தவறான எதிர்பார்ப்பையும் களைய வேண்டும். எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும் வெக்ஸ்லர் போன்ற நுண்ணறிவுச் சோதனைகளை நடத்தும் அனுமதி வராது. அவற்றை வெளியீட்டாளர் தகைமை பார்த்தே விற்பார், அமெரிக்கப் பிள்ளைகளில் எடுத்த நியமப் புள்ளிகளை ஒட்டுசுட்டான் பிள்ளைக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. முதற்கட்ட அறிதலுக்கு, பிள்ளையின் நடத்தை, உணர்ச்சிச் சிக்கல்களையும் பலங்களையும் கேட்கும் 25 வினாக்கள் கொண்ட எஸ்டிகியூ படிவத்தைத் தமிழிலேயே இலவசமாக இறக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலும் தமிழில் உண்டு. இவை இரண்டுக்கும் சந்தா வேண்டாம்.

விண்ணப்பத்தில் பெரும்பாலும் இடறுவது பெயர். பட்டச் சான்றிதழில் முதலெழுத்துகள், அடையாள அட்டையில் முழுப்பெயர், வங்கி அட்டையில் வேறு வரிசை. படிவம் கேட்கும் குடும்பப் பெயர் என்ற பெட்டியில் ஒரு தடவை தகப்பன் பெயரையும் மறு தடவை சொந்தப் பெயரையும் போட்டால், பிறகு வரும் தொழில் விருத்திச் சான்றிதழ்கள் ஒருவருக்கே உரியவை என்று காட்ட முடியாமல் போகும். கடவுச்சீட்டில் உள்ளபடி ஒரே வரிசையை எல்லா இடத்திலும் எழுதுங்கள். பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள் இரண்டின் ஆங்கிலப் பிரதியையும் முன்கூட்டியே பல்கலைக்கழகத்தில் கேட்டுவிடுங்கள், அது கிடைக்க வாரங்கள் பிடிக்கும். அதிபரின் கடிதத்தில் பதவியோடு நில்லாமல் உண்மையில் செய்யும் வேலையையும், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பிரிவைத் தீர்மானிக்க அது உதவும்.

பணம் கட்ட, டெபிட் அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். பூட்டியிருந்தால் கொடுக்கல் தோற்று, மறுபடி மறுபடி அழுத்தியதில் அட்டை முடக்கப்படும். நாஸ்பின் அங்கத்துவ ஆண்டு ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 வரை, எனவே ஏப்ரலில் அவசரப்பட்டு முழுச் சந்தா கட்டாமல் புதிய ஆண்டுக்குக் காத்திருப்பது மேல். சேர்ந்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டுப் பயிற்சி மணித்தியாலங்களை வலயம் கணக்கில் எடுக்குமா, கடமை லீவு தருமா என்பதைப் பயிற்சிக்கு முன்னரே எழுத்தில் கேட்டு, பதிலைக் கோவையில் வையுங்கள்.