‘ஊறட்டும்’ என்று சொல்லியே கெடுவைக் கடத்தினார்கள்: மீன்தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் கவனிக்க

சம்பளத்தில் பாதி போய்விட்டது. மீன்தொட்டிக்கா இவ்வளவு என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் சொல்லப்போவதில்லை. பலரும் கடை விரிக்கும் ஓர் இணையச் சந்தையில், மீன்தொட்டிப் பொருள்களை மட்டும் விற்கும் ஓர் ஆள். பெரிய தொட்டிக்கு மாறியதால் தொட்டிச் செடிகளுக்காகத் தண்ணீரில் கரியமில வாயு செலுத்தும் கருவிகள் முழுவதையும் புதிதாக வாங்க நினைத்தேன். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், வாயுவை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு, தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் செக் வால்வ், கூடவே வாயுவை ஒரு வில்லை வழியே நுண்குமிழிகளாக்கும் ‘உயர்ரக’ செராமிக் டிஃப்யூசர் என ஒரே தொகுப்பாக வைத்திருந்தார்.

அவரை நம்பியதற்குக் காரணம் உண்டு. வாங்கும் முன் விசாரித்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி இது: “சிலிண்டரா, சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து எடுக்கும் வாயுவா? ஈஸ்ட் என்றால் இதை வாங்காதீர்கள் அண்ணா, அந்த அழுத்தத்துக்கு இந்த வில்லை வேலை செய்யாது.” சரியான பேச்சு. வாங்காதே என்று சொல்லும் வியாபாரியை யார் சந்தேகிப்பார்கள்? பின்னாலேயே ஒரு வீடியோ வந்தது. வில்லை முழுவதிலிருந்தும் மூடுபனி போல நுண்குமிழிகள் எழுந்துகொண்டிருந்தன. அன்றே பணம் கட்டினேன்.

வந்த பொருளை மாட்டினால், வில்லையின் முகத்திலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. வில்லையும் அதன் சட்டமும் சேரும் விளிம்பில், ஒரே ஓரமாக, பெரிய பெரிய குமிழிகள் கிளம்பி நேரே மேலே போய் வெடித்தன. டிஃப்யூசரின் வேலையே குமிழியைச் சிறிதாக்குவதுதான். அதே அளவு வாயு சிறு குமிழிகளாகப் பிரிந்தால் தண்ணீரைத் தொடும் பரப்பு கூடும், மெல்ல எழும், மேலே போவதற்குள் கரையும். பெரிய குமிழியோ வாயுவை அறைக் காற்றில் கொட்டிவிட்டுப் போகும். விளக்கு எரிந்த நேரம் முழுவதும் தண்ணீரில் கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் நீலமாகவே நின்றது. அதிலுள்ள 4 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மையின் அலகு) கரைசல் பச்சையாக மாறினால்தான் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் வாயு கரைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

புகார் சொன்னேன். “செராமிக் அண்ணா, ஊறட்டும்.” இதில் பொய் இல்லை, புது வில்லையை ஓர் இரவு ஊறவைப்பது வழக்கம்தான். ஊறியது, மாற்றமில்லை. “இன்னும் ஊறட்டும்.” பிறகு, “அழுத்தத்தைக் கூட்டுங்கள்.” கூட்டினேன், சிலிண்டர்தான் சீக்கிரம் தீர்ந்தது. ரெகுலேட்டர் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் அங்கேயும் நுரை. அதைச் சொன்னதற்கு, “உங்கள் தண்ணீர் கடினமாக இருக்கும்” என்றார். ரெகுலேட்டர் ஒழுகுவதற்கும் தண்ணீரின் கடினத்தன்மைக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு பதிலும் நிதானமாக, ஒரு நாள் விட்டே வரும். என்னுடைய பழைய ரெகுலேட்டரில் பழைய டிஃப்யூசரையும் இந்தப் புதியதையும் மாற்றி மாற்றி மாட்டி வீடியோ எடுத்து அனுப்பினேன். பழையதில் பனி, புதியதில் அதே விளிம்புக் குமிழி. பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. பதில் இல்லை.

திருப்பி அனுப்பும் கெடு முடிந்த மறுநாள் காலையில் பதில் பறந்து வந்தது. “சார், கெடு முடிந்துவிட்டது. கண்ணாடிப் பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது.” எனக்கு வந்தது அக்ரிலிக் டிஃப்யூசர்! கண்ணாடி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதற்கும் மௌனம். இணையச் சந்தையின் உதவிப் பிரிவோ “விற்பனையாளரைத் தொடர்புகொள்ளுங்கள்” என்கிறது. விற்பனையாளர் “அவர்களிடம் கேளுங்கள்” என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் என் பாதிச் சம்பளம்.

எந்தத் தொட்டிக்கு எந்த டிஃப்யூசர் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்கு மனமில்லை. அவசரத்துக்குச் சில மட்டும்:

பொருள் வந்த அன்றே ஊறவைத்து, மறுநாளே ஒரு பாத்திரத் தண்ணீரில் ஓடவிட்டு வீடியோ எடுங்கள். விளிம்பிலிருந்து குமிழி வந்தால் எந்த விளக்கத்துக்கும் காத்திருக்காமல் உடனே திருப்பி அனுப்புங்கள். இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர். சாதாரண சிலிக்கான் குழாய் வேண்டாம், அதன் சுவர் வழியாகவே வாயு கசியும். பாலியூரித்தேன் குழாய் கேளுங்கள். மீன்கள் இருக்கும் தொட்டியில் எவர் சொன்னாலும் வாயுவைக் கூட்டிவைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் வாயுவை உடனே மூடுங்கள். பாதிச் சம்பளத்தை ஒரே தொகுப்பில் கொட்டாமல் தனித்தனியாக வாங்குங்கள். விற்பவர் அனுப்பும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: எனக்கு வந்த வீடியோவில் இருப்பது எஃகுச் சட்டம் போட்ட டிஃப்யூசர், இன்றைக்கும் அதே வீடியோதான் அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.