ஒட்டிப் பிறந்தவர்களைப் பிரிப்பதா விடுவதா: மூன்று ஊர், மூன்று முடிவு

ஒட்டிப் பிறந்த குழந்தைகளைப் பிரித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தாலே மருத்துவ அதிசயம் என்று பகிர ஆரம்பித்துவிடுகிறோம். பிரிக்காமல் விட்ட கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மான்செஸ்டர், 2000. பெற்றோர் மால்டாவின் கோஸோ தீவுக்காரர்கள். குழந்தைகளுக்கு நீதிமன்றம் வைத்த பெயர் ஜோடி, மேரி. மேரியின் இதயமும் நுரையீரலும் உதவாத நிலை, ஜோடியின் இதயம்தான் இரண்டு உடம்புக்கும் ரத்தம் அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் சில மாதங்களில் இருவரும் இறந்துவிடுவார்கள், பிரித்தால் மேரி உடனே இறப்பாள் என்றார்கள் மருத்துவர்கள். ஒரு பிள்ளையைக் கொன்று இன்னொன்றைக் காப்பாற்ற மாட்டோம் என்று கத்தோலிக்கரான பெற்றோர் மறுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை மீறி அனுமதி கொடுத்தது, நவம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது, மேரி இறந்தாள், ஜோடி பிழைத்தாள். முடிவு சரிதான் என்பது என் கட்சி. ஆனால் மேல்முறையீட்டு நீதிபதி வார்டு இதை, மேரியிடமிருந்து ஜோடியைக் காக்கும் தற்காப்புக்கு ஒப்பாகப் பேசியதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை; ஒரு கைக்குழந்தை எப்படித் தாக்குபவர் ஆகும்?

பாட்னாவின் சபா, ஃபரா கதை வேறு. தலை ஒட்டியவர்கள், இரண்டு சிறுநீரகமும் ஃபராவிடம்தான், சபாவுக்கு ஒன்றும் இல்லை. ஆபத்து அதிகம் என்று பெற்றோர் மறுக்க, நம் உச்ச நீதிமன்றம் அதை மதித்து, மாதம் 5,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி பீகார் அரசுக்கு உத்தரவிட்டது. மான்செஸ்டர் போல நாள் குறித்த சாவு இங்கே இல்லை என்பதால் கத்தி வைக்காததுதான் நியாயம். ஆனால் அந்த 5,000 ரூபாய்? மருந்துக்கே காணுமா என்ன?

மூன்றாவது சிங்கப்பூர், 2003. ஈரானின் லதான், லாலே பிஜானி, வயது 29, சட்டம் படித்தவர்கள், இறந்துபோகலாம் என்று தெரிந்தே தாங்களே கேட்டுப் போனார்கள். சம்மதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் இருவரும் இறந்தார்கள். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் பெரிய ரத்தக்குழாய் இருவருக்கும் பொது, அதை ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவருக்கு மாற்றுவழி வேண்டும், அங்கேதான் எல்லாம் கைமீறியது. 2017இல் டெல்லி எய்ம்ஸ் ஒடிசாவின் தலை ஒட்டிய குழந்தைகள் ஜகா, கலியாவை ஒரே மூச்சில் பிரிக்காமல், முதலில் மாற்று ரத்தப் பாதை போட்டு, இரண்டு மாத இடைவெளி விட்டு இரண்டு கட்டமாகப் பிரித்தது. இருவரும் பிழைத்தார்கள், கலியா மட்டும் 2020இல் இறந்தான்.

சிக்கல் இதுதான்: சின்ன வயதில் மூளை சீக்கிரம் தேறும், ஆனால் சம்மதம் கேட்க முடியாது, கேட்கும் வயது வந்தால் ஆபத்து கூடிவிடுகிறது. இருவரும் சாகப்போகிறார்கள் என்றால் பெற்றோரைக் கேட்டோ கேட்காமலோ பிரிக்கலாம். அப்படி இல்லையென்றால், ஆபத்து கூடினாலும் சரி, பிள்ளைகள் வாய்திறந்து சொல்லும் வரை காத்திருக்கலாம் என்பேன்.