மழைத்தண்ணீர் வடிந்தோடும் வாய்க்காலான வடிச்சலைத் தூர்வாருவதா, ஓரத்தை நிரப்பிக் கட்டுவதா?

மாரிக்கு முன் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் வளவுக்காரர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் யோசிப்பார்கள்.

தூர்வாருவதில் அலைச்சல் குறைவு. 80 ஹெக்டேயர் வரை பாயும் சிறு குளத்து வாய்க்கால் என்றால் கமநல சேவை நிலையம், பெரிய திட்டம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். முதலில் வயல்வெளிக்கும் அதன் தண்ணீருக்கும் பொறுப்பான வட்டை விதானையிடம் சொல்லுங்கள். ஆனால் அள்ளிய மணலை விற்கப் போனால் கதை வேறு: 1992இன் 33ஆம் இலக்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

நிரப்பிக் கட்டுவதற்குக் கதவு பல. கட்டடத்துக்கு உள்ளூராட்சி சபை. வயல்காணி என்றால் 2000இன் 46ஆம் இலக்கச் சட்டப்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி. கடலிலிருந்து 300 மீட்டருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களமும் வரும். கடலோடு சேரும் வாவி, ஆற்றுப் பக்கம் அந்த எல்லை இன்னும் உள்ளே போகும், அதனால் வாவிக்கரைக்காரர் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

எல்லா அனுமதியும் கிடைத்தாலும் நான் நிரப்பச் சொல்லமாட்டேன். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. அடைத்த தண்ணீர் அடுத்த வளவுக்குள்தான் ஏறும். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், சரி, வடிச்சலை விட்டுத் தள்ளி, தூண்மேல் கட்டுங்கள்.